‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்று தட்டின் அடியில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் போதுமா?

கேள்வி: ஆன்லைனில் ஒரு செராமிக் டின்னர் செட் வாங்கினேன். உள்பக்கம் முழுக்க பளிச்சென்று ஆரஞ்சும் மஞ்சளும். விற்பனைப் பக்கத்தில் அதில் உணவு பரிமாறி வைத்த படம்தான் இருந்தது. சில மாதங்களாகக் குழந்தைகள் அதில்தான் சாப்பிடுகிறார்கள். ஒரு கிண்ணத்தில் புளிப்பான பதார்த்தம் இரவு முழுக்க இருந்துவிட, அது நின்ற மட்டம் வரை நிறம் வெளுத்துவிட்டது, தொட்டால் சொரசொரப்பாக இருக்கிறது. ஈயம் பார்க்கும் குச்சியை வாங்கித் தேய்த்தேன், குச்சியின் நிறம் மாறியது. விற்றவரைக் கேட்டால், “அடியில் ஸ்டிக்கர் பாருங்கள், அலங்காரத்துக்கு மட்டும். ரிட்டர்ன் காலமும் முடிந்துவிட்டது” என்கிறார். பணமும் நஷ்டஈடும் கேட்க முடியுமா?

பதில்: பணம் கேட்கலாம், கிடைக்க நல்ல வாய்ப்பும் இருக்கிறது. நஷ்டஈடு வேறு கதை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், அந்த செட்டைத் தூக்கி எறியாதீர்கள். கோபத்தில் குப்பையில் போட்டுவிட்டு ஃபோட்டோவோடு மட்டும் வக்கீலிடம் வருபவர்கள்தான் அதிகம். பயன்படுத்துவதை இன்றே நிறுத்துங்கள். வெளுத்த கிண்ணத்தை மேற்கொண்டு தேய்த்துக் கழுவாமல் காகிதத்தில் சுற்றித் தனியாக வையுங்கள். செட்டில் இதுவரை தொடாத தட்டு, கிண்ணம் இருந்தால் அவைதான் உங்கள் கேஸுக்குத் தங்கம், ஏனென்றால் பயன்படுத்தியதைக் காட்டினால் “நீங்கள் தேய்த்துக் கெடுத்துவிட்டீர்கள்” என்று எதிர்த்தரப்பு எளிதாகச் சொல்லிவிடும். இன்வாய்ஸ், பேக்கிங் பெட்டி, ஸ்டிக்கரின் கிட்டத்துப் படம், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் இன்றே எடுத்துவிடுங்கள். இந்த பதிலைப் படித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கத்தில் ‘டின்னர் செட்’ என்பது ‘அலங்காரப் பொருள்’ ஆகிவிடலாம்!

இப்போது அந்த ஸ்டிக்கர். நீங்கள் எந்த நாடு என்று எழுதவில்லை, ஆனால் அடிப்படை பெரும்பாலான நாடுகளில் ஒன்றுதான்: என்ன சொல்லி விற்றாரோ அதற்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும். உணவு பரிமாறிய படத்தைக் காட்டி, டின்னர் செட் என்று பெயர் போட்டு, காசு வாங்கிய பிறகு தட்டின் அடியில் ஒரு ஸ்டிக்கரில் ‘சாப்பிடாதே’ என்றால், விற்பனையின் நிபந்தனை பின்னால் மாறிவிடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1935/2004 எண் ஒழுங்குமுறை, உணவோடு தொடர்பு கொள்ளும் பொருளுக்கு அதற்கான வாசகமோ கிளாஸ்-ஃபோர்க் சின்னமோ வேண்டும் என்கிறது. ஆனால் பார்த்தாலே உணவுக்கானது என்று தெரியும் பொருளுக்கு அது கட்டாயமில்லை, அதாவது பொருளின் உருவமே அதன் நோக்கத்தைச் சொல்லும் என்பதைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. அமெரிக்க விதி இன்னும் கறார். உணவுப் பாத்திரம் போலத் தோன்றும் அலங்காரச் செராமிக்கில், உணவை நச்சாக்கலாம் என்ற எச்சரிக்கை வாங்குபவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவு படும் இடத்தில் ஒரு துளை போட்டிருக்க வேண்டும். தட்டைக் கவிழ்த்தால் மட்டும் தெரிகிற ஸ்டிக்கர் எச்சரிக்கை அல்ல, தப்பிக்கும் வழி.

ரிட்டர்ன் காலம் முடிந்தது என்பதும் பாதி உண்மைதான். அது பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவதற்குக் கடை வைத்திருக்கும் கெடு. குறையுள்ள பொருளுக்கான சட்ட உரிமை தனி. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் செய்ய 2 ஆண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படியான உத்தரவாதமே குறைந்தது 2 ஆண்டு.

உங்கள் பலவீனமான இடம் அந்தக் குச்சிதான். மேற்பரப்பில் ஈயம் இருக்கலாம் என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது, தவறான முடிவும் தரும். சட்டம் கேட்கிற கேள்வி தட்டில் ஈயம் இருக்கிறதா என்பதல்ல, அது உணவில் எவ்வளவு இறங்குகிறது என்பது. அதற்கென்றே ஒரு சோதனை உண்டு: 4 சதவீத அசிட்டிக் அமிலம், கிட்டத்தட்ட வினிகர் அளவுப் புளிப்பு, அதை ஊற்றி 24 மணி நேரம் சாதாரண வெப்பநிலையில் வைத்து, அதில் இறங்கிய ஈயத்தையும் காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகத்தையும் அளப்பார்கள். ஈயத்துக்கு அமெரிக்காவில் தட்டையான தட்டு என்றால் மில்லிலிட்டருக்கு 3 மைக்ரோகிராம், கப் என்றால் 0.5 என்பது அரசு நடவடிக்கை எடுக்கும் எல்லை. உங்கள் ஆரஞ்சு, மஞ்சளுக்குக் காட்மியமும் சேர்த்துக் கேளுங்கள், அந்த நிறங்களில் அது வழக்கமாக வருவது. அங்கீகாரம் பெற்ற லேபில் ரிப்போர்ட் வாங்குங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் செலவையும் விற்றவருக்கு அனுப்பும் நோட்டீஸில் கேட்கலாம்.

நோட்டீஸில் சண்டை வேண்டாம். என்ன விளம்பரப்படுத்தினீர்கள், என்ன வந்தது, லேப் என்ன சொன்னது, பணமும் சோதனைச் செலவும் இத்தனை நாளில் வேண்டும், அவ்வளவுதான். கூடவே உற்பத்தியாளர் யார், உணவுக்கு உகந்தது என்ற இணக்கச் சான்று எங்கே என்று கேளுங்கள். ஐரோப்பாவில் செராமிக்குக்கு அந்த எழுத்துச் சான்று கடை வரை வந்தாக வேண்டும். அதைக் காட்ட முடியாதவர் பெரும்பாலும் பணத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கார்டில் வாங்கியிருந்தால் வங்கியிலும் டிஸ்ப்யூட், அதாவது பணத்தைத் திருப்பக் கேட்கும் புகார், போடுங்கள், அதற்குக் கெடு குறைவு.

சரி, நஷ்டஈடு. குழந்தைகளுக்கு மருத்துவரிடம் ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள், கேஸுக்காக அல்ல, அவர்களுக்காக. அளவு கூடியிருந்தால்கூட அது இந்தத் தட்டிலிருந்துதான் வந்தது, பழைய பெயிண்டிலிருந்தோ குழாயிலிருந்தோ அல்ல என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல். முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் லேப் ரிப்போர்ட்டும் மருத்துவ ரிப்போர்ட்டும் இரண்டுமே கையில் இல்லாமல் பெரிய தொகை கேட்டு எழுதினால் நியாயமான ரீஃபண்டும் இழுபறியாகும்.

இடையில் ரிவ்யூ எழுதத் தோன்றும். எழுதுங்கள், ஆனால் நடந்ததை மட்டும். ‘நிறம் வெளுத்தது, லேப் அளவு இவ்வளவு’ என்றால் பிரச்சினையில்லை, ‘குழந்தைகளுக்கு விஷம் வைக்கும் கும்பல்’ என்று எழுதினால் நோட்டீஸ் உங்களுக்கு வரும். உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் ஒரு புகார் கொடுத்துவிடுங்கள், பொருளை சந்தையிலிருந்து திரும்பப் பெற வைக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, இதுபோன்ற அரசு அமைப்புகளிடம்தான் இருக்கிறது.

அடுத்த செட்டுக்கு நிறத்தைக் கைவிட வேண்டியதில்லை. உள்ளே வெள்ளை, வெளியே நிறம் என்று இருப்பதை எடுங்கள். விரலால் தடவினால் பூவேலை மேடாகத் தட்டுப்பட்டால் அது மெருகுக்கு (கண்ணாடி போன்ற மேல்பூச்சுக்கு) மேலே வரைந்து குறைந்த சூட்டில் சுட்டதாக இருக்கலாம், தேய்வதும் உதிர்வதும் அதில்தான் சுலபம். வாங்கும் முன் “உணவுக்கு ஏற்றதா” என்று எழுத்தில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ரீஃபண்டோடு ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு வரி கையெழுத்துக்கு வரும். ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள், அல்லது ‘பொருளின் விலை தொடர்பாக மட்டும்’ என்று திருத்திப் போடுங்கள்.