எல்லாத்துக்கும் 'இல்லை'னு டிக் போட்டுறாதீங்க

கேள்வி: அப்பாவுக்கு 67 வயசு. ராத்திரி நாலஞ்சு தடவை ஒன்னுக்குப் போக எந்திரிக்கிறார். ப்ராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையில, அதான் பி.எஸ்.ஏ., 8 வந்திருக்கு, முதல்ல ப்ராஸ்டேட் எம்.ஆர்.ஐ. எடுங்க, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கற பயாப்ஸி அப்புறம் பார்க்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். அப்பா லேத் பட்டறையில 30 வருஷம் இருந்தவர், சத்தமெல்லாம் பழக்கம்தான், ஆனா அந்தக் குழாய்க்குள்ள போகணும்னாலே பயப்படுறார். என்ன பண்றது?

பதில்: நீங்க போற போக்குல எழுதின அந்த லேத் பட்டறை வரியிலதான் நான் நின்னுட்டேன். இரும்பு கடையுற, கிரைண்டிங் பண்ற வேலையில எப்பவோ ஒரு பொடித்துகள் கண்ணுக்குள்ள தெறிச்சிருக்கலாம், எடுத்தாச்சுன்னு நினைச்சு மறந்தும் போயிருப்பார். எம்.ஆர்.ஐ. மெஷின்ங்கிறது ஒரு பெரிய காந்தம், அதோட பலம் 1.5 இல்லன்னா 3 டெஸ்லா இருக்கும், உள்ள தங்கின துகளை அது அசைச்சுட்டா பார்வைக்கே ஆபத்து. அதனால ஸ்கேன் சென்டருக்கு இப்பவே ஃபோன் போட்டு இதைச் சொல்லுங்க. சந்தேகம் இருந்தா முதல்ல கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பாங்க. ஸ்கேன் அன்னைக்குக் காலையில உடம்புக்குள்ள உலோகம் ஏதாவது இருக்கான்னு கேட்டு ஒரு ஃபார்ம் குடுப்பாங்க, நம்ம ஆளுங்க படிக்காமலே எல்லாத்துக்கும் 'இல்லை'னு டிக் அடிச்சுட்டுப் போயிடுவாங்க, எனக்கு அதுதான் கோபம். பேஸ்மேக்கர், மூளையில போட்ட கிளிப், ஸ்டென்ட், எது இருந்தாலும் அதோட கார்டை எடுத்துட்டுப் போங்க. இடுப்பு மூட்டு மாத்தியிருந்தா பெரும்பாலும் ஸ்கேன் எடுக்கலாம், ஆனா அந்த உலோகம் ப்ராஸ்டேட் பக்கத்துலயே இருக்கறதால படம் கெட்டுப்போகும், முன்னாடியே தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி எடுப்பாங்க.

பயத்துக்கு வர்றேன். படம் எடுக்கறது இடுப்புப் பகுதியைத்தான், அதனால தலை குழாயோட நடுவுல மாட்டிக்காது, வாய்ப்பகுதிக்குக் கிட்டவே இருக்கும். காலை முன்னாடி விட்டு அனுப்ப முடியுமான்னும் கேளுங்க, நிறைய இடத்துல செய்யறாங்க. கையில ஒரு ரப்பர் பந்து குடுப்பாங்க, அமுக்கினா வெளிய இழுத்துடுவாங்க, இதை அப்பாகிட்ட ரெண்டு தடவை சொல்லுங்க. 30லேர்ந்து 45 நிமிஷம் அசையாம படுக்கணும், அவ்வளவுதான், வலி கிடையாது. ரொம்ப முடியலன்னா டாக்டர்கிட்ட பதட்டம் குறைக்கற மாத்திரை கேட்கலாம், ஆனா போட்டா வண்டி ஓட்டக்கூடாது, கூட ஒருத்தர் போகணும். ஆசனவாய் வழியா ஒரு கருவி விடுவாங்கன்னு யாராச்சும் பயமுறுத்தியிருந்தா, இப்ப பெரும்பாலும் அது தேவைப்படறதில்ல, வயித்து மேல ஒரு பட்டை மாதிரி வச்சே எடுத்துடுறாங்க.

மலக்குடல் ப்ராஸ்டேட்டுக்கு நேர் பின்னாடி ஒட்டி இருக்கு, அதுல கேஸ் இருந்தா படம் கோணலா வரும், அதனால வயிறு சுத்தமா போயிட்டு வரச் சொல்லுங்க, சில இடத்துல எனிமா குடுப்பாங்க. ஒன்னுக்கு, மேஜையில படுக்கறதுக்கு சரியா அஞ்சு நிமிஷம் முன்னாடி! இவருக்கு அது ரொம்ப முக்கியம். குடல் அசைவை நிறுத்த ஒரு ஊசி போடலாம், கண் அழுத்த நோயோ இதயப் பிரச்சினையோ ஒன்னுக்கு அடைச்சுக்கிற தொந்தரவோ இருந்தா முன்னாடியே சொல்லணும். படம் தெளிவா தெரியறதுக்குப் போடற கான்ட்ராஸ்ட் மருந்து எல்லாருக்கும் போட மாட்டாங்க, போட்டாலும் சி.டி.க்குப் போடற அயோடின் மருந்து இல்ல, கடோலினியம். கிட்னி பிரச்சினை இருந்தா கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்பாங்க.

பயாப்ஸிக்கு முன்னாடி எம்.ஆர்.ஐ.னு டாக்டர் சொன்னது சரியான வரிசை. மாத்திப் பண்ணியிருந்தா உள்ள ரத்தம் தேங்கி படம் குழப்பும், ஆறு எட்டு வாரம் காத்திருக்க வேண்டி வந்திருக்கும்.

ரிப்போர்ட்ல பை-ராட்ஸ்னு 1லேர்ந்து 5க்குள்ள ஒரு நம்பர் இருக்கும். 4னு பார்த்துட்டு நாலாவது ஸ்டேஜ்னு நினைச்சு வீடே அழுதுடும், அது ஸ்டேஜ் இல்லவே இல்ல, சிகிச்சை தேவைப்படற மாதிரி கேன்சர் இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு ஒரு கணிப்பு மட்டும்தான். 4, 5னா பொதுவா பயாப்ஸி பண்ணச் சொல்லுவாங்க, 3 நடுவுல நிக்கும், 1, 2 வந்தாலும் பி.எஸ்.ஏ.வைத் தொடர்ந்து பார்க்கணும். ப்ராஸ்டேட் வீக்கத்தாலயும் கிருமித்தொற்றாலயும்கூட பி.எஸ்.ஏ. 8 வரலாம். அதனால கவரைப் பிரிச்சாலும் நம்பரை அப்பாகிட்ட நீங்க வாசிக்காதீங்க, டாக்டர் வாசிக்கட்டும்.