ஈரல் கேன்சர் முத்துனா தாடை, பல் ஈறுக்கெல்லாம் கூட பரவுமா? மாமனாருக்கு தாடை வீங்கியிருக்கு

பரவுமுங்க. ரொம்ப அபூர்வம், ஆனா எங்க பெரியப்பாவுக்கே வந்துச்சு.

கோபி பக்கம் மஞ்சக்காடு வச்சிருந்தாரு. பழைய ஹெபடைடிஸ் பி, அதுல ஈரல் சுருங்கி அப்புறம் கேன்சர். வீட்டுல யாரும் அவர்கிட்ட அந்த வார்த்தைய சொல்லலைங்க, ஈரல்ல கட்டி, மாத்திரைல கரைஞ்சிரும்னு சொல்லி வச்சிருந்தோம். ஒரு நாள் கீழ்த்தாடைல கடவாய்ப் பல்லுகிட்ட வீங்கி, உதடு வேற மரத்துப்போச்சுன்னாரு, சொத்தைப் பல்லுன்னு நெனச்சு அவரே பஸ் ஏறி பல் டாக்டர்கிட்ட போயிட்டாரு. வேற ஏதாச்சும் நோய் இருக்குதுங்களான்னு கேட்டதுக்கு சுகர் மட்டும்னு சொல்லியிருக்காரு, அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானே. பல்லப் புடுங்குனாங்க, ரத்தம் நிக்கவே இல்ல, ராவோட ராவா கோயமுத்தூருக்கு தூக்கிட்டு ஓடுனோம்.

அங்க தான் வெவரம் புரிஞ்சுது. தாடைல இருந்தது ஈரல்ல இருந்து பரவுன கட்டி, அதுக்கு ரத்த ஓட்டம் ஜாஸ்தி, அது போக ரத்தம் உறையறதுக்கு வேணும்கிற புரோட்டீன செய்யறதே ஈரல்தான், அது கெட்டுப்போச்சு, பிளேட்லெட்டும் கம்மி. அப்புறம் எப்படி நிக்கும்? தாடைக் கட்டில துளி சதை எடுத்துப் பாத்த பயாப்சில ஈரல் செல்லுன்னே வந்துச்சு. ரேடியேஷன் குடுத்ததுல வலியும் கசிவும் கொறைஞ்சுது, கொஞ்ச மாசம் இருந்தாரு.

சாதாரணமா இது போறது நுரையீரல், வயித்துல இருக்கற நெறிகட்டி, எலும்பு, கிட்னிக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பி. அபூர்வமா மண்டை ஓடு, கண்ணுக்குழி, மூக்கு, தோலு. ஈரல் ரத்தக்குழாய் வழியாவே வளந்து இதயத்தோட வலது அறை வரைக்கும் கூட போகுமாம், கேட்டப்ப எனக்கே பகீர்னு இருந்துச்சு. நுரையீரல்ல ஒண்ணுமில்லாம தாடைக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். முதுகுத்தண்ட சுத்தி வால்வே இல்லாத சிரைங்கற ரத்தக்குழாய் இருக்குதாம், முக்குனா இருமுனா ரத்தம் அதுல எதிர்த்திசைல ஓடும், அந்த வழியா நுரையீரல தாண்டி தலைக்கு ஏறிரலாம்னாரு டாக்டரு. 1940ல பேட்சன்னு ஒருத்தர் சொன்னதாமுங்க.

உங்க மாமனாருக்கு வெறும் பல்லு சீழாவும் இருக்கலாம், அதுதான் ஜாஸ்தி. ஆனா பல்லுல கைவெக்கறதுக்கு முன்னாடி கேன்சர் டாக்டருக்கு ஒரு போன் போட்ருங்க, தாடைக்கு சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வாங்க, ரத்தம் உறையற டெஸ்டும் பாப்பாங்க. டிஸ்சார்ஜ் சம்மரிய ஒரு ஜெராக்ஸ் எடுத்து அவர் சட்டப்பைலயே வச்சிருங்க. அவரு படிச்சாப் படிக்கட்டுமுங்க.