ஒரு நொதியை அடைத்தால் புற்றுச் செல் நின்றுவிடுமா?

கேள்வி: "புற்றுநோய் செல்கள் இடம் விட்டு இடம் நகர்வதில் சமிக்ஞை நொதிகளின் பங்கு என்ன? அதில் ஒன்றைத் தடுத்துவிட்டால் நோய் பரவாமல் நிறுத்திவிடலாமா?"

இரண்டாவது பாதியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அதே நம்பிக்கையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டரை வருடம் உழைத்தவள் நான். நீங்கள் எம்.எஸ்சி. கடைசி வருடம், கைடு ஒரு நொதியின் பெயரைச் சொல்லி புராஜெக்ட் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் யாருக்காவது நோய் என்பதால் கேட்டிருந்தால் கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள்.

மழைக்காலத்தில் அட்டை ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கத்தை நீட்டித் தரையைக் கவ்வும், பின்பக்கத்தை விடுவிக்கும், உடம்பை இழுத்துக்கொள்ளும். தட்டில் வளரும் புற்றுச் செல்லும் ஏறக்குறைய இப்படித்தான் போகிறது. ஒரு தலைமுடியின் தடிமனைக் கடக்கவே அதற்குச் சில மணி நேரம் ஆகும். அந்த ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு நொதி கட்டளை போடுகிறது, இன்னொரு நொதி அதை அழிக்கிறது.

எது முன்பக்கம் என்பதைச் சொல்வதில் பிஐ3 கைனேஸுக்கு முக்கியப் பங்கு. கைனேஸ் என்றால் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி. செல் சவ்வின் உட்புறத்திலுள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறில் அது பாஸ்பேட்டை ஒட்டி அடையாளம் போடும். பிடென் என்ற நொதி அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். பல புற்றுகளில் பிடென் பழுதாகியிருக்கும், அதனால் அடையாளம் அழியாமலே கிடக்கும். அடுத்து ரோ குடும்ப நொதிகள், ரோவும் ரேக்கும் இதில் சேர்ந்தவை. இவை ஜிடிபி (GTP) என்ற மூலக்கூறைப் பிடித்திருக்கும்போது வேலை செய்யும், அதை உடைத்துவிட்டால் ஓய்ந்துவிடும். 1992இல் லண்டனில் ஆன் ரிட்லி, ஆலன் ஹால் குழு, ரேக்கைத் தூண்டினால் செல்லின் விளிம்பு சேலைக் கொசுவம் போல மடிந்து எழும்புவதையும், ரோவைத் தூண்டினால் உள்ளே தடித்த இழைகள் முறுக்கேறுவதையும் காட்டியது. ரோவின் கீழே இருக்கும் ரோ-கைனேஸ்தான் மயோசின் என்ற புரதத்தைச் சுருங்கவைத்து உடம்பை இழுக்கிறது.

தரையைப் பிடிக்கும் இடத்தில் இருப்பவை ஃபேக், சார்க் என்ற இரண்டு கைனேஸ்கள். வெளியே இருக்கும் கொலாஜன் நாரைச் செல்லின் கொக்கியான இன்டெக்ரின் பற்றியதும், ஃபேக் தன் 397ஆம் இடத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏற்றிக்கொள்ளும். சார்க் வந்து அங்கே உட்காரும். இரண்டும் சேர்ந்து பக்கத்துப் புரதங்களுக்கும் பாஸ்பேட் ஏற்றும். ஃபேக் இல்லாமல் செய்தால் செல்லின் பிடி தளர்ந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1995இல் ஃபேக் மரபணு நீக்கிய எலியின் செல்களைப் பார்த்தபோது நடந்தது தலைகீழ். ஒட்டும் இடங்கள் கூடின, செல் மெதுவாக நகர்ந்தது. பிடித்ததை விடவும் ஃபேக் வேண்டும். நகர்வது என்றாலே பிடிப்பதும் விடுவதும் மாறி மாறி நடப்பதுதான், இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் துறையில் பல வருடம் இருப்பவர்கள், "இவ்வளவு எளிமையாகச் சொல்லக் கூடாது, செல்லுக்குச் செல் மாறும்" என்று கருத்தில் வருவார்கள். மாறும்தான். கேட்டவருக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்று எழுதுகிறேன்.

இப்போது என் கதை. என்னிடம் இருந்தது எம்டிஏ-எம்பி-231. 1973இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், 51 வயதுப் பெண் ஒருவரின் நுரையீரல் உறையில் தேங்கிய நீரிலிருந்து வளர்த்தெடுத்த மார்பகப் புற்றுச் செல் வரிசை. வேகமாக ஊர்வதில் பேர் போனது. தட்டு முழுக்க வளரவிட்டு, 200 மைக்ரோலிட்டர் பிப்பெட் முனையால் நடுவில் ஒரு கோடு இழுக்க வேண்டும். கை நடுங்கினால் கோடு கோணிவிடும். அழுத்தினால் பிளாஸ்டிக்கே கீறும், அந்தக் கீறலில் செல் தடுமாறும். தட்டிலுள்ள ஒரு குழியில் சார்க்கைத் தடுக்கும் மருந்து, இன்னொன்றில் வெறும் கரைப்பான். மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கரைப்பான் போட்டதில் கோடு கிட்டத்தட்ட மூடியிருந்தது, மருந்து போட்டதில் வயல் நடுவே வண்டித்தடம் போலத் திறந்தே கிடந்தது. அன்று நான் சாப்பிடக்கூடப் போகவில்லை. மூன்று முறை திரும்பச் செய்தேன், மூன்று முறையும் அதே. "சார்க் தடுப்பு புற்றுச் செல் நகர்ச்சியை நிறுத்துகிறது" என்று போஸ்டர் போட்டோம், கைடு எல்லோரிடமும் காட்டினார்.

பக்கத்து லேபில் இருந்த சீனியர் அக்கா மட்டும் போஸ்டர் முன்னால் நின்று கேட்டார்: "செல்லு நகரலையா, பெருகலையா? எதைப் பாத்த நீ?"

என்னிடம் பதில் இல்லை. ஒன்றிலிருந்து ஒன்றரை நாளுக்குள் இரண்டாகிவிடும் செல் அது. 24 மணி நேரத்தில் கோடு மூடுவது ஊர்ந்து வந்ததாலா, அங்கேயே பெருகிப் பரவியதாலா? சார்க் இரண்டுக்கும் வேலை செய்கிறது. மைட்டோமைசின் கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்திவிட்டு மறுபடி கீறினேன். வித்தியாசம் முழுவதும் போகவில்லை, ஆனால் பெருமளவு சுருங்கிவிட்டது. போஸ்டரில் போட்ட அந்தப் படத்தை இன்றும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

அப்புறம் பிளாட், அதாவது செல்லின் புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் சோதனை. மருந்து உண்மையிலேயே ஃபேக்கின் பாஸ்பேட்டைக் குறைத்ததா என்று காட்ட வேண்டும். மொத்த ஃபேக் பட்டை அழகாக வந்தது. பாஸ்பேட் ஏறிய ஃபேக்குக்கு ஒரு பாதையிலும் பட்டை இல்லை, மருந்தே படாத பாதையிலும் இல்லை. இரண்டு மாதம், அந்தப் பட்டையைக் காட்ட வேண்டிய ஆன்டிபாடியைத்தான் குறை சொன்னேன். குறை என்னுடையது. செல்லை உடைக்கும் பஃபர் கரைசலில், பாஸ்பேட் கழறாமல் காக்கும் சோடியம் ஆர்த்தோவனடேட் பழையது. அதைத் தயாரிக்கும்போது அமிலம் விட்டு pH 10க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாகும், நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறவைத்து, மறுபடி pH பார்க்க வேண்டும். அது சரியாக இல்லாவிட்டால், செல் உடைந்த நொடியில் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகள் ஐஸ் பெட்டிக்குள்ளேயே வேலையைக் காட்டிவிடும். போடுவது ஒரு நொதி, எடுப்பது ஒரு நொதி என்று பாடத்தில் படித்தது எனக்கு அன்றுதான் உறைத்தது.

இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் பழைய பஃபரில்தான் கிடைத்தது. 1979இல் டோனி ஹன்டர் என்ற விஞ்ஞானி பயன்படுத்திய பஃபரின் pH, 1.9 இருக்க வேண்டியது 1.7க்கு இறங்கியிருந்தது. அதனால்தான் டைரோசினில் ஏறிய பாஸ்பேட் தனிப் புள்ளியாகப் பிரிந்து தெரிந்தது. சார்க் செய்வதும் அதே வேலைதான் என்று பிறகு தெரியவந்தது.

இதற்கு நடுவில் எனக்கு எட்டு மாதம் உதவித்தொகை வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாதமும் ஒரு படிவம், ஒரு கையெழுத்து, "போன மாசம் அனுப்பிட்டோமே" என்று ஒரு குரல். அம்மா வளையலை அடகு வைத்து ஹாஸ்டல் பணம் கட்டினார். இரவு இரண்டு மணிக்குச் செல்லுக்கு மீடியம் மாற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாலே நம் ஊர் ஆராய்ச்சி பாதி உருப்படும். பொறாமையில் சொல்கிறேன் என்பவர்கள் எட்டு மாதம் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்துவிட்டு வரட்டும்.

சரி, ஒரு நொதியைத் தடுத்தால் நிற்குமா? முயன்று பார்த்திருக்கிறார்கள். செல் வழி வெட்ட உதவும் எம்எம்பி நொதிகள் சமிக்ஞை நொதிகள் அல்ல, ஆனால் அவற்றின் ஏவலில் வெளிவருபவை. அவற்றைத் தடுக்கும் மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகளை 1990களின் இறுதியில் நோயாளிகளிடம் சோதித்தார்கள். மூட்டுவலி வந்தது, எதிர்பார்த்த பலன் வரவில்லை. முற்றிய நிலையில் கொடுத்தது ஒரு காரணம். இன்னொரு காரணமாகப் பேசப்படுவது 2003இல் வெளிவந்தது. வெட்டும் நொதிகளைத் தடுத்த பிறகும் கொலாஜனுக்குள் இருந்த செல்கள் உருண்டையாகி, உடம்பை நெளித்து, சந்துகள் வழியே நுழைந்து போயின. உருண்டையாகப் போகும் நடைக்கு ரோ-கைனேஸின் இழுவை தேவை என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது. ஒரு வழியை அடைத்தால் செல் நடையை மாற்றிக்கொள்கிறது. சார்க்கையும் தடுக்கும் டாசாடினிப், ரத்தப்புற்று ஒன்றுக்கு 2006 முதல் நல்ல மருந்து. ஆனால் முற்றிய புராஸ்டேட் புற்றில் கீமோவோடு சேர்த்து 1,500க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது ஆயுளைக் கூட்டவில்லை. என் போஸ்டருக்கு முன்பே இது வெளிவந்திருந்தது. நான் படித்திருக்கவில்லை.

அதனால் கீறல் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். பெருக்கத்தை நிறுத்திப் பாருங்கள், செல் உயிரோடு இருக்கிறதா பாருங்கள், முடிந்தால் கொலாஜன் ஜெல்லுக்குள் விட்டு அதன் வடிவத்தைப் பாருங்கள்.

வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்கு இனி. ஆரணிப் பக்கம் என் பெரியம்மாவுக்கு மார்பில் கோலிக்குண்டு அளவு கட்டி. பயாப்சி எழுதிக் கொடுத்தார்கள். "ஊசி குத்துனா கிளறிவிட்ட மாதிரி ஆயிடும் பாப்பா, உடம்பு பூரா ஓடிடும்" என்று சொல்லி ஐந்து மாதம் மூலிகைப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார். ஊசித் தடத்தில் செல் ஒட்டுவது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். அரிதாக உண்டு, சில உறுப்புகளில் மருத்துவர்களே அதற்காக ஊசியைத் தவிர்ப்பார்கள். ஆனால் மார்பகக் கட்டிக்கு ஊசிப் பயாப்சிதான் வழக்கமான முதல் படி. பிடி விட்டு வெளியே விழும் செல்லுக்குச் சாகும்படி உள்ளிருந்தே உத்தரவு வரும். அதைத் தாண்ட ஃபேக் போன்றவை ஏற்கெனவே உள்ளே தூண்டப்பட்டிருக்க வேண்டும். ரத்தத்தில் சேரும் புற்றுச் செல்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்தே போகின்றன. ஊர்ந்து போகும் திறமையை ஊசி கற்றுக்கொடுப்பதில்லை. காத்திருந்த அந்த ஐந்து மாதமும் கட்டி உள்ளே வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

பெரியம்மா கடைசியில் வந்தபோது அக்குளில் நெறி கட்டியிருந்தது. மூன்று வருடம் இருந்தார், எலும்புக்கு வந்த பிறகு நடக்க முடியவில்லை. ஒருநாள் கட்டிலில் படுத்தபடி, "அன்னைக்கே ஊசி போட்டிருந்தா நின்னிருக்குமா பாப்பா? நீ அதைத்தானே படிக்கிற" என்று கேட்டார்.

"அது தெரியாது பெரியம்மா. அப்போ சின்னதா இருந்துச்சு, அவ்வளவுதான் தெரியும்" என்றேன்.