ஆக்சிலரேட்டரை விட்டதும் கார் ஏன் உதைக்கிறது?

கேள்வி: மேனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறைத்தால் கார் முன்னும் பின்னும் குலுங்குகிறது. ஸ்பார்க் பிளக், காயில், இன்ஜெக்டர் எல்லாம் மாற்றிவிட்டேன். குலுக்கல் போகவில்லை. அடுத்து எதை மாற்றலாம்?

பதில்: எதையும் மாற்ற வேண்டாம். முதலில் ஆளில்லாத சாலையில் மூன்றாவது கியரில் 3000 ஆர்.பி.எம். வரை கொண்டுபோய், பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை முழுவதும் விடுங்கள். குலுங்க ஆரம்பித்ததும் கிளட்சை மிதியுங்கள். அந்த நொடியே குலுக்கல் நின்றால் கோளாறு இன்ஜினிலோ, கியர்பாக்ஸ் முதல் ஆக்சில் வரையுள்ள பாகங்களிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன் பக்கம் பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாததால் வீணாகும் பாகங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

அடுத்தது, எந்த ஆர்.பி.எம்.மில் உதைக்கிறது என்று பாருங்கள். கார் கியரில் ஓடும்போது ஆக்சிலரேட்டரை விட்டால், இன்ஜின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்களையே மூடிவிடும். பெட்ரோல் ஒரு சொட்டும் போகாது. ஆர்.பி.எம். இறங்கி, பல இன்ஜின்களில் 1000-க்கும் 1500-க்கும் நடுவே வரும்போது, இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோல் திரும்ப வரும். அதுவரை சக்கரம் இன்ஜினை இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இடையில் கியர், ஜாயின்ட், டிஃபரென்ஷியல் என எங்கெல்லாம் ப்ளே, அதாவது தளர்ந்த இடைவெளி, இருக்கிறதோ, அத்தனையும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் இடிக்கும். இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, இன்ஜெக்டர் திறக்கும் நேரம் பூஜ்யத்திலிருந்து எழும் கணமும் உதை வரும் கணமும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே ஒரு மெல்லிய உதை என்றால் அது இயல்பு. திரும்பத் திரும்ப உதைத்தால்தான் கோளாறு.

அப்படியானால் ஏர் லீக்கைத் தேடுங்கள். ஃப்யூவல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம், ஐட்லிங்கில் +10-ஐத் தாண்டி, 2500 ஆர்.பி.எம்.மில் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால், உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாருக்குப் பிறகு எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது என்று சந்தேகிக்கலாம். உங்களைப் போலவே எல்லாம் மாற்றிவிட்டு வந்த ஒரு காரை நான் பார்த்தேன். ஐட்லிங்கில் ட்ரிம் சுத்தமாக இருந்தது. கடைசியில் இன்ஜினைக் கையால் பிடித்து ஆட்டியபோது, காற்று உள்ளே போகும் ரப்பர் குழாயின் மடிப்பில் விரல் நகம் நீளத்துக்கு ஒரு விரிசல் வாய் திறந்தது. கையை எடுத்தால் மூடிக்கொண்டது. ஆக்சிலரேட்டரை விடும்போது இன்ஜின் சாயும். அப்போது மட்டும் திறந்திருக்கிறது. அதனால் அந்தக் குழாயைப் பார்த்தால் மட்டும் போதாது, வளைத்துப் பாருங்கள். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தட்டின் ஓரத்தில் கரி படிந்திருந்தாலும் இதே தொல்லை வரும். சுத்தம் செய்தபின் ஐட்லிங் ரீலேர்ன் (கம்ப்யூட்டருக்கு ஐட்லிங்கை மறுபடி கற்றுக்கொடுப்பது) செய்ய மறக்காதீர்கள்.

கேள்வி: இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டை விறைப்பான பாலியூரித்தேனுக்கு மாற்றி, எடை குறைந்த ஃப்ளைவீலும் போட்டேன். அதன்பின் மெதுவாகப் போகும்போது ஜெர்க் அதிகமாகிவிட்டது.

பதில்: இது கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. கனமான ஃப்ளைவீல் விழுங்கிக்கொண்டிருந்த அதிர்வை இப்போது விழுங்க ஆளில்லை. ரப்பர் தடுத்துவைத்ததைப் பாலியூரித்தேன் நேராக பாடிக்கு அனுப்புகிறது. ரேஸ் டிராக்குக்குப் போகாத காரென்றால் ரப்பர் மவுன்ட்டுக்கே திரும்புங்கள் என்பேன். அதுவரை ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடாமல் மெல்ல விட்டுப் பழகுங்கள்.

கேள்வி: டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். சிக்னலில் நிற்கப் போகும்போது, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும் இடத்தில் யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் இருக்கிறது.

பதில்: ஸ்போர்ட் மோடில் மட்டுமா, நார்மல் மோடிலும் வருகிறதா? ஸ்போர்ட் மோடில் கியர் சீக்கிரமே, அதிக ஆர்.பி.எம்.மில் இறங்கும், இன்ஜின் பிரேக்கிங் கூடுதலாகத் தெரியும். நார்மலிலும் வந்தால், கிளட்ச் தேயத் தேய அது பிடிக்கும் புள்ளி நகர்ந்திருக்கலாம். ஸ்கேனர் வழியாக அடாப்டேஷன் (அந்தப் புள்ளியைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது) செய்தாலே பல கார்கள் அடங்கிவிடுகின்றன. ஆயிலில் ஓடும் கிளட்ச் என்றால் முதலில் ஆயிலை மாற்றுங்கள், கையேட்டில் சொன்ன அதே ஆயில். அடாப்டேஷனை அதற்குப் பிறகு செய்யுங்கள்.

கேள்வி: 120 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று இரண்டு முறை மாற்றினார்கள். சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடியும் வந்துவிட்டது.

பதில்: டிஸ்க் பெரும்பாலும் வளைந்திருக்காது, அதன் தடிமன் சீராக இருக்காது. 0.02 மி.மீ. வித்தியாசமே ஸ்டீயரிங்கில் தெரியும். திரும்பத் திரும்ப வருகிறது என்றால் டிஸ்க் உட்காரும் ஹப்பைப் பாருங்கள். அதன் முகத்தில் துரு படிந்திருந்தால் புது டிஸ்க்கும் சாய்ந்தே உட்காரும். பிரேக் பிடிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிரேக் பேடை உரசி உரசித் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஆவது அதற்குத்தான். டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி, ஹப்பை வயர் பிரஷால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தை அளப்பதை நின்று பாருங்கள். வீல் நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். நட்டு முடுக்கும் இம்பாக்ட் கன்னால் கண்மூடித்தனமாக அடிப்பதும் டிஸ்க்கைக் கோணலாக்கும்.

கேள்வி: கார் நிற்பதற்குச் சற்று முன், ஏறக்குறைய 8 கி.மீ. வேகத்தில், பிரேக் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்கிறது. சாலை காய்ந்துதான் இருக்கிறது.

பதில்: பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். தவறாக வேலை செய்கிறது. ஏதோ ஒரு வீல் ஸ்பீடு சென்சாரின் சிக்னல் மற்றவற்றுக்கு முன்பே பூஜ்யமாகிவிடுவதால், அந்தச் சக்கரம் லாக் ஆகிவிட்டதாக அது நினைக்கிறது. நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் வைத்து மெதுவாக நிறுத்திப் பாருங்கள். எது முந்தி விழுகிறதோ அங்கே சென்சாரின் நுனி, பல் வளையத்தின் துரு, வீல் பேரிங் மூன்றையும் பார்க்கவும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பிரேக் விட்டுவிட்டுப் பிடிப்பதால் நிற்கும் தூரம் கூடும், அதுவும் முன்னால் ஆள் கடக்கும் வேகத்தில்.