தம்பி குடித்ததே இல்லை, கணையத்தில் கல் எப்படி வந்தது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். என் தம்பிக்கு 24 வயது. பள்ளியில் படிக்கும்போதே அடிக்கடி வயிற்று வலி வரும். அல்சர் என்று மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது ஸ்கேனில் கணையம் முழுக்கக் கல் என்று வந்திருக்கிறது. அவன் குடித்ததே இல்லை. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் "எவ்ளோ நாளா குடிக்கிறான்?" என்றுதான் கேட்கிறார்கள். சின்ன வயதில் மரவள்ளிக்கிழங்கு நிறையக் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று அம்மா அழுகிறார். ஜீன் டெஸ்டில் 'ஸ்பிங்க்1, என்34எஸ்' என்று இருக்கிறது. என் 6 வயது மகனுக்கும் இந்த டெஸ்ட் எடுக்க வேண்டுமா? தம்பி மீன், எண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 44 கிலோவுக்கு இறங்கிவிட்டான். மலம் எண்ணெய்ப் பசையாகப் போகிறது. கொடுத்த கேப்சூலைக் காலையில் வெறும் வயிற்றில் டீயோடு போடுகிறான்.

பதில்: முதலில் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். மரவள்ளிக்கிழங்கு காரணம் இல்லை. கேரளத்தில் கப்பக்கிழங்கு சாப்பிடும் ஏழைக் குடும்பங்களில் இந்த நோய் நிறையத் தெரிந்ததால் ஒரு காலத்தில் அந்தச் சந்தேகம் எழுந்தது உண்மைதான். ஆனால் கிழங்கையே தொடாத ஊர்களிலும் இதே நோய் இருந்தது, கிழங்கு தின்ற பலருக்கு நோய் வரவே இல்லை. அம்மா ஊட்டிய எதுவும் தம்பியின் கணையத்தைக் கெடுக்கவில்லை.

சாப்பாட்டில் உள்ள புரதத்தை அறுக்கும் டிரிப்சின் என்ற நொதியைக் கணையம்தான் தயாரிக்கிறது. வீட்டு அரிவாள்மனையை மடக்கிப் படுக்கவைப்பதுபோல, கணையத்துக்குள் அது செயலற்ற நிலையில் இருக்கும். குடலுக்குப் போன பிறகே அதன் அலகு நிமிரும். ஆனால் சில சமயம் கொஞ்சம் டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்ளும். அப்படியே விட்டால் அது கணையத்தையே அறுக்கத் தொடங்கிவிடும். அங்கேதான் ஸ்பிங்க்1 வருகிறது. இது 5-ஆவது குரோமோசோமில் உள்ள மரபணு. இது உருவாக்கும் புரதம் மிகச் சிறியது, 56 அமினோ அமிலங்கள்தான். காசிமேட்டுக்காரர்களுக்கு நான் சொல்லும் உவமை மீன் முள். முள் தொண்டையில் குத்திக்கொண்டால் வேறெதையும் விழுங்க முடியாது. இந்தப் புரதமும் டிரிப்சினின் வாயில் போய் மாட்டிக்கொண்டு அதை வேறெதையும் அறுக்கவிடாமல் செய்கிறது. காசல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1948-லேயே இதைக் கணையத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். இதில் ஏற்படும் மாற்றத்துக்கும் கணைய அழற்சிக்கும் தொடர்பு இருப்பது 2000-ல்தான் தெரிந்தது.

ரிப்போர்ட்டில் உள்ள 'என்34எஸ்' என்பதற்கு, அந்தப் புரதத்தின் 34-ஆவது இடத்தில் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் என்ற வேறொன்று வந்திருக்கிறது என்று பொருள். இந்தியாவில் இளம் வயதிலேயே கணையத்தில் கல் சேரும் நோயாளிகளைச் சோதித்தபோது ஏறத்தாழ 40 சதவீதம் பேரிடம் இது இருந்தது. நோயே இல்லாதவர்களிலும் ஐம்பது பேரில் ஒருவரிடம் இருக்கலாம். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் கணையத்தைப் பற்றிக் கவலைப்படாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். ஆகவே இந்த மாற்றம் மட்டுமே நோயை உண்டாக்கிவிடுவதில்லை. அது கதவைக் கொஞ்சம் திறந்துவைக்கிறது, வேறு காரணங்களும் சேர்ந்தால்தான் நோய் உள்ளே வரும்.

"எவ்ளோ நாளா குடிக்கிறான்?" என்ற கேள்வி எனக்கும் வலிக்கிறது. கணையம் என்றதுமே குடி என்று முடிவு கட்டுவது அக்கம்பக்கத்தாரிடம் மட்டும் இல்லை, மருத்துவர்களான எங்களிடமும் இருக்கிறது. குடியால் கணையம் கெடுவது உண்மை, அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் பதினான்கு வயதில் வலியால் சுருண்டு படுத்த பையன் "இல்லை" என்று சொல்லும்போது அவனை நம்ப வேண்டும். அடுத்த முறை யாராவது கேட்டால், பிறவியிலேயே ஜீனில் உள்ள மாற்றம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இப்போது அவசரமானது அவருடைய எடை. கேப்சூலை அவர் போடும் முறைதான் தவறு. அதில் இருப்பது கணையம் தராத நொதிகள். சாப்பாட்டோடு சேர்ந்து போனால்தான் சாப்பாட்டைச் செரிக்கும். வெறும் வயிற்றில், டீயோடு போட்டால் வீண். முதல் கவளத்தோடு தண்ணீரில் விழுங்கட்டும். ஒன்றுக்கு மேல் எழுதியிருந்தால் மீதியைச் சாப்பாட்டின் நடுவில் போடலாம். நொறுங்க மெல்லக் கூடாது, சூடான சோற்றில் கொட்டிப் பிசையவும் கூடாது. மாலையில் வடையோ சுண்டலோ சாப்பிட்டாலும் டாக்டர் சொன்ன அளவு போட வேண்டும். எண்ணெய்ப் பசை நிற்கவில்லை என்றால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், அதை டாக்டரிடம் கேளுங்கள். (இந்த நொதிகள் பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. அது தெரிந்து சிலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.)

மீனை ஏன் நிறுத்தினார்? 44 கிலோ உடம்புக்கு அதுதான் வேண்டும். சங்கரா, நெத்திலி, காரப்பொடி எல்லாம் குழம்பில் போட்டுச் சாப்பிடட்டும். கொழுப்பை முழுக்க ஒதுக்குவது பழைய வழக்கம். கேப்சூலைச் சரியாகப் போட்டால் சாதாரணச் சமையல் எண்ணெய் அவருக்கு ஆகாதது இல்லை. மூன்று பெரிய சாப்பாட்டை ஐந்து சிறிய சாப்பாடாகப் பிரித்தால் போதும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் கொழுப்போடு சேர்ந்து வெளியே போயிருக்கும், ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விட வேண்டும். புகை கணையத்தை நேரடியாகக் கெடுக்கும். மது வாழ்நாள் முழுவதும் கூடாது.

சர்க்கரையும் பாருங்கள். கல் சேர்ந்த கணையம் இன்சுலினையும் குறைத்துவிடும். அந்தச் சர்க்கரை நோய்க்குப் பலருக்கு ஊசி தேவைப்படும். அதோடு சர்க்கரை திடீரென இறங்கும் ஆபத்தும் உண்டு. வலி தொடர்ந்தால் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைப்பது, எண்டோஸ்கோப்பி, அறுவை சிகிச்சை என வழிகள் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கே காட்டலாம்.

உங்கள் மகனுக்கு டெஸ்ட் வேண்டாம். பெற்றோரில் ஒருவரிடம் இந்த மாற்றம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், உங்களிடம் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, மகனிடம் இருக்க நான்கில் ஒன்று. இருந்தாலும் முன்னெச்சரிக்கையாகச் செய்ய மருந்து எதுவும் இல்லை. வெறும் பயம்தான் மிஞ்சும். ஆனால் அவன் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலி முதுகுக்குப் போகிறது என்று சொன்னால், அல்சர் மாத்திரையில் நாள் கடத்தாமல் அன்றே ரத்தத்தில் அமைலேஸ், லைபேஸ் என்ற கணைய நொதிகளின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மாமாவுக்குக் கணையத்தில் கல் இருக்கிறது என்பதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.