எட்டு வீடு கொடுத்தால் அது சவாலா?

கேள்வி: அக்கா, சிங்கப்பூர் உபி வட்டாரத்தில் சின்னதாக ஏர்கான் சர்வீஸ் கம்பெனி நடத்துகிறேன். தொழில் பழகியதும் பசங்க வேறு இடம் பார்த்துப் போய்விடுகிறார்கள். சவாலான வேலை கொடுத்தால் ஆள் நிற்பார்கள் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, நல்ல கைராசிக்காரர் ஒருவருக்கு நாளுக்கு ஆறு வீடு என்று இருந்ததை எட்டாக்கி, இரண்டு புதுப் பையன்களையும் கூடவே அனுப்பினேன். போன வாரம் அவரும் ராஜினாமா கடிதத்தை நீட்டிவிட்டார். எங்கே தப்பு?
- உபி வாசகர்

பதில்: தம்பி, ஃபில்டர் கழுவுகிறவருக்கு இன்னும் இரண்டு வீட்டு ஃபில்டரைக் கொடுத்தால் முதுகுவலிதான் மிஞ்சும். ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968-லேயே ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் இதை எழுதிவிட்டார்: அதே ரக வேலையைக் கூட்டுவது வேறு, பொறுப்பைக் கொடுப்பது வேறு. ஒரு பெரிய நிறுவனத்தில் பங்குதாரர்களுக்குக் கடிதம் எழுதும் ஊழியர்களை, இனி உங்கள் பெயரிலேயே கையெழுத்துப் போடுங்கள் என்று விட்டார்கள், அனுபவசாலிகளின் கடிதங்களில் நூற்றுக்குப் பத்தைத்தான் மேலதிகாரி சரிபார்த்தார். ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறினார்கள், அப்புறம் கடிதத்தின் தரமும் ஏறியது, வேலைமேல் பிடிப்பும் வந்தது.

உங்கள் தொழிலுக்கு வருவோம். யூனிட்டில் தண்ணீர் ஒழுகுகிறது என்று போகிறவர், ஏணியில் நின்றுகொண்டே "அண்ணே, டிரெயின் பைப்பை மட்டும் அடைப்பெடுக்கவா, கெமிக்கல் வாஷ் சொல்லவா?" என்று உங்களுக்குப் போன் அடிக்கிறாரா? அந்த முடிவை அவரிடமே விடுங்கள், இத்தனை வெள்ளி வரைக்கும் விலை பேசலாம் என்று ஒரு வரம்பும் சொல்லிவிடுங்கள். மறுபடி ஒழுகினால் அந்த வீட்டுக்கு அவரே போகட்டும். புதுப் பையன்களைப் பழக்குவதும் நல்ல பொறுப்புதான், ஆனால் அன்றைக்கு நாலு வீடு போதும் (எட்டு வீட்டு ஓட்டத்தில் யார் யாருக்கு என்ன சொல்லித்தர முடியும்?).

சம்பளம் பக்கத்துக் கம்பெனியைவிடக் குறைவாக இருந்தால் இதெல்லாம் எடுபடாது, அதை முதலில் சரிசெய்யுங்கள். எல்லோருக்கும் பொறுப்பு பிடிக்கும் என்றும் இல்லை, ஆறு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவரப் போகவேண்டியவரை வற்புறுத்தாதீர்கள். கடிதம் கொடுத்தவரிடம் கோப்பிக் கடையில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள், பிடிவாதமாக நிறுத்தப் பார்க்காதீர்கள். அப்புறம் ஒன்று: ஆரம்பத்தில் யாராவது விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு வருவார்கள், அதற்காக வாடிக்கையாளர் காதில் விழும்படி போனில் கத்தாதீர்கள்.