ஸ்பாஞ்ச் ஒட்டிய பிறகும் அறை ஏன் குமுறுகிறது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் குடியிருப்பில், மாடியில்லாத வரிசை வீட்டில் இருக்கிறேன். மகள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன பிறகு அவளுடைய அறையைப் பாட்டு கேட்கும் அறையாக்கிவிட்டேன். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் அப்பா சேர்த்த இசைத்தட்டுகள், ஒரு டர்ன்டேபிள், ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர்கள், பின் சுவரோடு ஒரு சோபா, மூலையில் சின்ன சாமி மேடை. பாடகர் குரல் எதிரொலிக்கிறது. பேஸ் கிட்டார் சில சுரங்களில் மட்டும் குமுறுகிறது. இணையத்தில் 1 அங்குல ஸ்பாஞ்ச் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினேன். குரல் மந்தமாகிவிட்டது, குமுறல் அப்படியே இருக்கிறது, ஸ்பாஞ்சில் பாதி உதிர்ந்தும் விட்டது. எந்தப் பொருள், எத்தனை பலகை, எங்கே, எப்படி மாட்டுவது? ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த நார்க் கம்பளி) உடம்புக்கு ஆகாது என்கிறார் மனைவி. பக்கத்து வீட்டுக்காரரும் முகம் சுளிக்கிறார்.

பதில்: பலகை எத்தனை என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் தடிமனைப் பாருங்கள். உங்கள் அறையில் இருக்கும் கோளாறுகள் இரண்டு: குரலின் எதிரொலி, தாழ்ந்த ஒலியின் குமுறல். இரண்டுக்கும் ஒரே மருந்தைப் போட்டிருக்கிறீர்கள், அதுவும் மெல்லியதாக.

ஸ்பாஞ்சுக்குள் காற்று அசையும்போது ஏற்படும் உராய்வில்தான் ஒலி கரைகிறது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதே இல்லை. சுவரிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு தள்ளித்தான் அசைவு அதிகம். 1000 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 1000 அதிர்வு உள்ள ஒலிக்கு அந்தத் தூரம் சுமார் 9 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸுக்கு 87 சென்டிமீட்டர். அதனால் 1 அங்குல ஸ்பாஞ்ச் சிணுங்கலையும் ஜால்ராவையும் விழுங்கிவிட்டு, அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் விட்டுவிடும். குரல் மந்தமானதற்குக் காரணம் இதுதான். மிச்சம் ஒட்டியிருப்பதையும் கழற்றிவிடுங்கள்.

கழற்றுவதற்கு இன்னொரு காரணம் சாமி மேடை. தீத்தடுப்பு செய்யாத பாலியுரிதேன் ஸ்பாஞ்ச் மளமளவென்று எரியும், நச்சுப் புகையும் கிளம்பும். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இரவு விடுதியின் சுவரில் இருந்த இதே வகை ஸ்பாஞ்ச் வாணவேடிக்கைப் பொறியில் பற்றியது. 100 பேர் இறந்தார்கள். குத்துவிளக்கும் சாம்பிராணியும் உள்ள அறைக்கு அது வேண்டாம். முட்டை அட்டை ஒட்டலாமா என்று அடுத்து யாராவது யோசனை சொல்வார்கள். அதுவும் வேண்டாம். ஒலிக்கும் பயனில்லை, தீக்கும் ஆகாது.

குமுறல் எங்கிருந்து வருகிறது? எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த ஒலி மாட்டிக்கொண்டு பெருகும். ஒலி வேகத்தை அந்த இடைவெளியின் இரு மடங்கால் வகுத்தால் அது எந்த ஒலி என்று தெரிந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 347 மீட்டர் போகிறது. உங்கள் 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். சிக்கல் என்னவென்றால் அகலமும் உயரமும் ஒரே 10 அடி, அதனால் 57 ஹெர்ட்ஸில் இரண்டு பெருக்கம் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. பேஸ் கிட்டாரின் மூன்றாவது கம்பியை அழுத்தாமல் மீட்டினால் 55 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்த அரைச்சுரம் 58. சில சுரங்களில் மட்டும் குமுறுகிறது என்று நீங்கள் எழுதியது மிகச் சரி.

அப்பா காலத்துத் தோட்டத்து லயத்தில், பலகைச் சுவருக்குள் ரேடியோகிராம் கேட்டவர்கள் அங்கே பாட்டு நன்றாக இருந்தது என்பார்கள். பழைய நினைவின் இனிமை மட்டும் அதற்குக் காரணமில்லை. மெல்லிய பலகையும் அதன் இடுக்குகளும் தாழ்ந்த ஒலியை வெளியே விட்டுவிடும். செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும் விடாது.

எனவே முதல் வேலைக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. சோபாவைப் பின் சுவரிலிருந்து நகர்த்துங்கள். எந்தச் சுவரை ஒட்டினாலும் தாழ்ந்த ஒலி மிக அதிகமாகக் கேட்கும். அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்தால் 47 ஹெர்ட்ஸ் ஒரேயடியாகக் காணாமல் போகும். ஸ்பீக்கர்களை 10 அடிச் சுவர்ப் பக்கம் வைத்து, அந்தச் சுவரிலிருந்து உங்கள் காது ஏழரை அடியில் வருமாறு தொடங்குங்கள். கைப்பேசியில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு, ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, 57 ஹெர்ட்ஸை மெதுவாக ஒலிக்கவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். ஒரு இடத்தில் காதை அடைக்கும், சில அடி தள்ளினால் வெகுவாகக் குறையும். நேரில் கேட்டால்தான் நம்புவீர்கள். மடிக்கணினியும் அளவீட்டு மைக்கும் கிடைத்தால் ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ என்ற மென்பொருளை இலவசமாக இறக்கி, படமாகவே பார்த்துவிடலாம்.

அப்புறம் பலகை. ராக்வூல் அல்லது கிளாஸ்வூல் (கண்ணாடி நார்க் கம்பளி), சுருளாக இல்லாமல் தகடாக, கன மீட்டருக்கு 50 முதல் 60 கிலோ அடர்த்தியில் கேளுங்கள். ஈப்போவில் ஏர்கோன் குழாய் வேலை, கூரை வேலைக்குப் பொருள் விற்கும் கடைகளில் விசாரிக்கலாம். அலங்காரப் பலகை விற்பவர்கள், பலகை ஒலியை எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கு என்.ஆர்.சி. என்று ஒரு எண் காட்டுவார்கள். அது 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் நான்கின் சராசரி மட்டுமே. உங்கள் குமுறல் அந்தக் கணக்கிலேயே வராது, எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்.

எத்தனை என்பதற்கு, ஹார்வர்டில் 1895இல் எதிரொலி மோசமான ஒரு விரிவுரை அறையைச் சரிசெய்ய இறங்கிய வாலஸ் சபீன் சொன்ன வாய்பாடு போதும். இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து வைத்தும் எடுத்தும் அளந்து கண்டுபிடித்தவர். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம் வினாடியில் வரும். உங்கள் அறை 34 கன மீட்டர். இந்த அளவு அறையில் 0.4 வினாடி நன்றாக இருக்கும். அதற்கு 13, 14 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு வேண்டும். சோபா, நீங்கள், மெத்தென்ற ஒரு கம்பளம், கனமான திரைச்சீலை எல்லாம் சேர்ந்து பாதியைப் பார்த்துக்கொள்ளும். மீதிக்கு 4க்கு 2 அடிப் பலகை 8 போதும், அது ஏறத்தாழ 6 சதுர மீட்டர். அதற்கு மேல் போகாதீர்கள். எல்லாச் சுவரையும் மூடிவிட்டால் பாட்டு உயிரில்லாமல் போகும். இசைத்தட்டு அலமாரி பக்கச் சுவரில் திறந்தபடியே இருக்கட்டும்.

எட்டில் நான்கு பலகை, ஸ்பீக்கர் பக்கத்து இரண்டு மூலைகளுக்கு, மூலைக்கு இரண்டாக ஒன்றின்மேல் ஒன்று. 10 சென்டிமீட்டர் தடிமன். மூலையை மறைத்துக் குறுக்காக நிறுத்தினால் பின்னால் 30 சென்டிமீட்டர் வரை காற்று இடைவெளி கிடைக்கும், அதுதான் குமுறலுக்கு வேண்டியது. 57 ஹெர்ட்ஸ் முழுக்க அடங்கிவிடாது. சோபா நகர்த்தலும் இதுவும் சேர்ந்தால் தாங்கும் அளவுக்கு வரும். இரண்டு பலகை பின் சுவரில், அதே 10 சென்டிமீட்டர். மற்ற இரண்டு பலகை பக்கச் சுவர்களுக்கு, 5 சென்டிமீட்டர் தடிமன், சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி. இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி போதும். நீங்கள் உட்காருங்கள், மனைவி கண்ணாடியைப் பக்கச் சுவரோடு நகர்த்தட்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பலகையின் நடுப்பகுதி வர வேண்டும்.

சட்டம் செய்ய மரம் எடுக்கும்போது ரப்பர் கட்டை மலிவு என்று தோட்டத்துப் பக்கம் போகாதீர்கள். பதப்படுத்தாத ரப்பர் மரத்தை வண்டும் பூஞ்சையும் சும்மா விடாது. உலர்ந்த மெராந்தி போதும், கறையான் மருந்து ஒருமுறை பூசுங்கள். துணியை வாயில் வைத்து ஊதுங்கள், மூச்சு தாராளமாகப் போனால் சரியான துணி. பழைய பருத்திச் சேலை ஒன்றில் மூன்று பலகை போர்த்தலாம். ரெக்சின், பிளாஸ்டிக் பூச்சுத் துணி வேண்டாம். பின்பக்கமும் மெல்லிய துணியால் மூடினால் நார் உதிராது.

மனைவியின் கவலைக்கு வருகிறேன். ராக்வூல் நார் தோலில் அரிக்கும், மூக்கில் எரியும். வெட்டும்போது முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை வேண்டும், வேலையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். துணி போர்த்தி மாட்டிய பிறகு அதைக் கிளறாதவரை தொல்லையில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002இல் வெளியிட்ட அறிக்கையில், இந்த வகைக் காப்புக் கம்பளிகளைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டில் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. பழைய தாமான் வீடுகளின் சீலிங் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடாக இருக்கக்கூடும். அது நிச்சயமான புற்றுநோய்க் காரணி. சீலிங் எதனால் ஆனது என்று உறுதியாகத் தெரியாமல் அதில் ஒரு ஓட்டைகூடப் போடாதீர்கள். சீலிங்கில் பலகை தொங்கவிடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

மாட்டுவதற்கு இரட்டைப் பசை நாடா நம் ஊர் ஈரத்தில் நிற்காது, பெயின்டோடு உரிந்து வரும். நடுவே 45 பாகையில் சாய்த்து அறுத்த ஒரு நீளக் கட்டை எடுங்கள். ஒரு பாதியை, சாய்வு மேல்நோக்கி இருக்கும்படி சுவரில் திருகுங்கள், மறு பாதியைத் தலைகீழாகப் பலகையின் பின்னால். ஒன்றில் ஒன்று கொக்கிபோல் உட்காரும், தூக்கினால் கழன்று வரும். சுவரில் 6 மில்லிமீட்டர் ஓட்டை, பிளாஸ்டிக் பிளக், 2 அங்குலத் திருகு. பலகை 5 முதல் 8 கிலோதான் வரும், கட்டைக்கு மூன்று திருகு தாராளம். சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்காதீர்கள், வயர் போகும் வழி அதுதான்.

பின்னால் விடும் இடைவெளி ஒலிக்கு மட்டும் இல்லை. ஏர்கோன் போட்டு நிறுத்திய அறையில் சுவரோடு ஒட்டிய துணியில் பூஞ்சை பிடிக்கும். ராக்வூலை அது தின்னாது, துணியையும் மரத்தையும் தூசியையும் தின்னும். தீபாவளிக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போது பலகைகளையும் இறக்கி, பின்பக்கம் பார்த்து வெயிலில் வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தப் பலகை எதுவும் செய்யாது. அறைக்குள் அலையும் ஒலியை இது குறைக்கும், சுவரைத் தாண்டுவதைத் தடுக்காது. அதற்குக் கனம் வேண்டும், இடுக்கில்லாத அடைப்பு வேண்டும். பொதுச் சுவருக்கு முன் தனியாக ஒரு இரட்டைப் பிளாஸ்டர் பலகைச் சுவர் எழுப்பினால் பலன் உண்டு, ஆனால் அறையில் அரையடி போய்விடும், செலவும் அதிகம். அதற்கு முன் ஸ்பீக்கர் எதுவும் பொதுச் சுவரைத் தொடாமல் பாருங்கள், அடியில் தடித்த ரப்பர் துண்டு வையுங்கள். கண்ணாடிப் பட்டை ஜன்னல் இருந்தால் ஒலி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கும், முழுக் கண்ணாடிக்கு மாற்றலாம். குமுறல் குறைந்தால் நீங்களே ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்பீர்கள் என்பது என் எதிர்பார்ப்பு. இரவு பத்துக்கு மேல் ஹெட்ஃபோன்.